தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று புள்ளி மூன்று

பணி ஓய்வு பெற்றால் நிம்மதியாக இருக்கலாம் என்று சொன்னவர்கள் யாரும் எங்கள் அபார்ட்மென்டில் குடியிருந்ததில்லை. சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து நாலாவது தெருவில் எங்கள் வீடு. காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், எதிர்வீட்டு ரிட்டயர்டு கணக்கு டீச்சர் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பார்.

“கோமதி, இதைப் பாருங்க. நூறு தர்றேன்னு சொன்னான். பதினேழுதான் வருது.”

“எங்க நின்னு பாத்தீங்க?”

“பாத்ரூம்ல.”

“ஏன் பாத்ரூம்ல?”

“அங்கதான் சார் பேப்பர் படிக்கறார். நெட் வரலைன்னு உள்ள இருந்தே கத்தறார்.”

சார் என்பது அவருடைய கணவர். ஹாலில் இருக்கும் இன்டர்நெட் டப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் மூன்று சுவர், ஒரு பீரோ, ஒரு தண்ணீர்த் தொட்டி. இத்தனையையும் தாண்டிப் பதினேழு போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம். அதைச் சொன்னால் டீச்சர் நம்புவதில்லை. செல்போனில் வேகம் காட்டும் முள் சுற்றி நின்று ஒரு எண்ணைக் காட்டிவிட்டது, அவ்வளவுதான், அவருக்கு அது வேதவாக்கு.

எனக்கு அவர்மேல் கோபமில்லை. முப்பது வருஷம் அந்த எண்ணைப் பார்த்துப் பிழைத்தவள் நான். யார் அளந்தார்கள், எங்கே நின்று அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்காமல் ஒரு எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு மனுஷனின் வேலை போகும். நான்தான் போக வைத்தேன்.

போன வாரம் என் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புது டெஸ்டர் மெஷின் ஒன்று வாங்கப் போகிறார்களாம், விலையைக் கேட்டால் ஒரு கார் வாங்கிவிடலாம். “நீங்க ரெண்டு ஓட்டை லேப்டாப்ப வெச்சிக்கிட்டு எப்படிக்கா இத்தனை வருஷம் ஓட்டினீங்க?” என்றாள். ஒரு மணி நேரம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் எழுதிக் குடுத்துடுங்கக்கா, நான் அப்புறமா படிக்கறேன்” என்றாள். அந்த மரியாதைக்காக எழுதுகிறேன்.

டிப்ளமோ படித்தேன். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தேன். பிறகு கிழக்கு தாம்பரத்தில் ஏழு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். பள்ளிக்கூடம், கிளினிக், தொழிற்சாலை என்று போய் கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்துக் கொடுக்கிற வேலை. எல்லாக் கேபிளும் வந்து சேரும் டப்பாவுக்கு ஸ்விட்ச் என்று பெயர். சுவரில் லைட் போடுகிற ஸ்விட்ச் என்று நினைத்துவிடாதீர்கள், என் மாமியார் கடைசி வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வருஷம் கேபிள் முனையில் எட்டுக் கலர் கம்பிகளை வரிசையாக அடுக்கிக் கிளிப் மாட்டியதிலேயே போயிற்று. அதற்குப் பிறகு டெஸ்டிங். மற்றவர்கள் மாட்டி முடித்ததும், சொன்ன வேகம் வருகிறதா என்று பார்க்கிறவள் நான். அதாவது, கல்யாணச் சாப்பாட்டில் உப்புக் குறைச்சல் என்று சொல்லும் சம்பந்தி அம்மாள் வேலை.

எங்கள் முதலாளி டேனியல் சார். ஒல்லியான மனிதர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பால் விடாத காபி, பழைய ஸ்கூட்டர். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை என்னை ‘நீங்க’ என்றுதான் பேசினார், குரலை உயர்த்தியதே இல்லை. அதுதான் தொந்தரவு. திட்டுகிற மனுஷன் என்றால் திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். இவர் “அப்படியா?” என்று மட்டும் கேட்பார். அந்த அப்படியாவில் மூன்று வகை உண்டு. முதல் வகை, நீங்கள் சொல்வது சரி. இரண்டாவது வகை, நீங்கள் சொல்வது தப்பு, ஆனால் பரவாயில்லை. மூன்றாவது வகையைக் கேட்டதும் நம் நாற்காலியிலிருந்து நாமே எழுந்து நின்றுவிடுவோம்.

மூன்றாவது வகையை நான் முதலில் கேட்டது ஒரு கான்வென்ட் பள்ளிக்கூட விஷயத்தில். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் லேப் போட்டிருந்தோம். வேகத்தை எப்படி அளப்பது? அப்போது எனக்குத் தெரிந்த வழி, ஒரு பெரிய ஃபைலை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்து, கைக்கடிகாரத்தைப் பார்ப்பது. பெரிய ஃபைலுக்கு எங்கே போவது? தம்பியிடம் ஒரு சினிமா வாங்கிக்கொண்டு போனேன். காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது, ஃபைல் சரியாக வந்திருக்கிறதா பார்க்கலாம் என்று தட்டினேன். அந்தக் கம்ப்யூட்டர் புரொஜெக்டரோடு இணைந்திருந்தது எனக்குத் தெரியாது. தலைமையாசிரியை சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது, சுவர் முழுக்க ஒரு மழைப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“இதுதான் டெஸ்டா?” என்றார் சிஸ்டர்.

“ஆமாம் சிஸ்டர்.”

“எவ்வளவு நேரம் ஓடும்?”

“ரெண்டேமுக்கால் மணி நேரம் சிஸ்டர்” என்றேன். வாய்க்கு வந்தது அதுதான்.

காப்பி மெதுவாகத்தான் நடந்தது. நான் ஆபீஸுக்கு வந்து, ஸ்விட்ச் மோசம், கம்பெனிக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். டேனியல் சார் “அப்படியா?” என்றார். மூன்றாவது வகை. பிறகு அதே ஃபைலை, அதே கம்ப்யூட்டருக்குள்ளேயே, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் காப்பி செய்யச் சொன்னார். ஸ்விட்சே இல்லை, கேபிளே இல்லை. அப்போதும் அதே நிதானம்தான். கம்ப்யூட்டருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் கிழம். அது எடுத்துக் கொடுக்கிற வேகத்தைத்தான் நான் அளந்திருக்கிறேன். குழாய் நன்றாக இருக்கிறது, சுண்டுவிரல் அகலக் கரண்டியால் மொண்டு ஊற்றிவிட்டுக் குழாயைக் குறை சொல்லியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அதற்குப் பிறகுதான் இரண்டு பழைய லேப்டாப்புகள் வந்தன. மெஷின் வாங்க வசதியில்லை என்று டேனியல் சார் ஒருநாளும் சொன்னதில்லை. “இதுவே போதும்” என்பார். ஒன்றில் மூன்று எழுத்துகள் தேய்ந்து காணாமல் போயிருந்தன. இன்னொன்றின் மூடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைக்க வேண்டும். இரண்டிலும் இலவச மென்பொருள் ஒன்று. ஒரு லேப்டாப் வெற்றுத் தகவலைத் தன் நினைவில் உருவாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும், மற்றது வாங்கி எண்ணிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். ஹார்ட் டிஸ்க்கைத் தொடுகிற பேச்சே இல்லை, சினிமாவும் வேண்டாம். ஒன்றை ஸ்விட்ச் பக்கத்தில் வைப்பது, மற்றதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பாயிண்டாகப் போவது. பாயிண்ட் என்பது கேபிள் வந்து முடிகிற சுவர்த் துளை. முப்பது வினாடி, மூன்று தடவை. பிறகு திசையை மாற்றி மறுபடியும் மூன்று.

கடைசியாகத் தயிர்சாத டெஸ்ட். இந்தப் பெயர் நான் வைத்தது. மலிவான ஸ்விட்ச் பத்து நிமிஷம் பிரமாதமாக ஓடும், சூடு ஏறியதும் மூச்சு வாங்கும். அதனால் டெஸ்டை ஓடவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து, சாம்பார் சாதத்தில் ஆரம்பித்துத் தயிர் சாதத்தில் முடிப்போம். கையைக் கழுவிவிட்டு வந்து பார்க்கும்போதும் எண் அப்படியே இருந்தால் ஸ்விட்ச் பாஸ். பல லட்ச ரூபாய் மெஷின் இதையேதான் செய்கிறது, அதற்குச் சாப்பாடு கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு லேப்டாப்பையும் நடுவில் ஸ்விட்ச் எதுவும் இல்லாமல், ஒரு முழ நீள மஞ்சள் கேபிளால் நேருக்கு நேர் இணைத்துப் பார்க்க வேண்டும். அந்த மஞ்சள் கேபிளை வேறு எதற்கும் தொடக்கூடாது, டேனியல் சார் அதைத் தன் மேஜை டிராயரில் நகை மாதிரி வைத்திருந்தார். சோதனைக்குப் போகும்போது என் பையில் வரும், திரும்பியதும் டிராயருக்குப் போய்விடும். வினாடிக்கு ஆயிரம் மெகாபிட் வேகம் என்று சொல்கிற இணைப்பில் தொள்ளாயிரத்து நாற்பதைச் சுற்றி வரும். மீதி, அனுப்பும் தகவலுக்குக் கவர் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, விலாசம் எழுதுவதற்குப் போய்விடும். அந்த எண் வந்தால்தான் நம் கருவி சரியாக இருக்கிறது என்று அர்த்தம், அதன் பிறகுதான் ஊரைச் சோதிக்கப் போகலாம். ரிப்போர்ட்டில் முதல் வரியே அதற்குத்தான். கூடுவாஞ்சேரியில் ஒரு மனை விற்கும் ஆபீஸில் வைஃபை ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்தது இந்த ஒழுங்கினால்தான். முதலில் நம்மைச் சோதித்தோம், பிறகு ஒவ்வொன்றாக நகர்த்தினோம், கடைசியில் நடு ஹாலில் இருந்த ஆறடி மீன் தொட்டி மாட்டியது. வாஸ்துப்படி வைத்ததாம். தண்ணீர் வைஃபையைக் குடித்துவிடும் என்பது வாஸ்துவில் இல்லை.

இத்தனை ஒழுங்கு தெரிந்தவள்தான் திருமுடிவாக்கத்தில் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு. தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு வெட்டி, வளைத்துப் பெட்டி செய்யும் யூனிட் ஒன்று. முதலாளி பெயர் தனசேகர். டிசைன் படங்களை ஆபீஸிலிருந்து வெட்டும் மெஷினுக்கு அனுப்பினால், வந்து சேர்வதற்குள் மெஷின் ஓட்டுகிறவர் டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறார் என்று புகார். கேபிள் வேலையை வெளியாள் யாரும் செய்யவில்லை. அங்கேயே எலக்ட்ரீஷியனாக இருந்த அந்தோணி என்பவர், “நானே இழுத்துடறேன் சார்” என்று பொறுப்பெடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பதினெட்டுப் பாயிண்ட்டுக்கும் இழுத்திருந்தார்.

தனசேகர் வாசலிலேயே சொல்லிவிட்டார். “மேடம், இவன் பேச்சைக் கேட்டு நான் கெட்டேன். கேபிள்லதான் ஃபால்ட்னு நீங்க ரிப்போர்ட் குடுத்தா, மொத்தத்தையும் புடுங்கிட்டு வேற ஆளை வெச்சுப் போடப் போறேன். இவனும் கிளம்ப வேண்டியதுதான்.”

அந்தோணி பக்கத்திலேயே நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பென்சில். “பதினோரு வருஷமா இங்க கீறேன் மேடம். நல்லா பாத்து சொல்லுங்க” என்றார்.

மேலே சின்ன ரூமில் ஸ்விட்ச் இருந்தது. ஏறுவதற்கு இரும்பு ஏணி. கேபிள் ஒவ்வொன்றின் முனையிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி, எந்தக் கேபிள் எந்தப் பாயிண்ட் என்று அடையாளம். தன் பெண்ணுடைய நெயில் பாலிஷாம், பதினெட்டுக்குக் கலர் பத்தாமல் இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று வைத்திருந்தார். எனக்கு அதைப் பார்த்ததும் இளக்காரம். நம்பர் ஒட்டத் தெரியாதவன் வேலை எப்படி இருக்கும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதைவிட ஒழுங்கான அடையாளத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ரப்பர் பேண்ட் லேப்டாப்பை அந்தோணி ஏணியில் எடுத்துப்போய் ஸ்விட்ச் பக்கத்தில் வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு மஞ்சள் கேபிள் ஞாபகம் வந்தது. இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்துப் பார்க்கவில்லை. மறுபடி கீழே இறக்கச் சொல்ல வேண்டும். தனசேகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் வேறு தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன், என்றைக்கு வராமல் போயிற்று என்று நினைத்தேன். போன வாரத்து ரிப்போர்ட் நோட்டில்தான் இருந்தது. அதைப் பார்த்து, முதல் வரியில் 941.3 என்று எழுதிவிட்டேன்.

முதல் பாயிண்ட், 94. இரண்டாவது, 94. மூன்றாவது, 94. வர வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. எட்டுக் கம்பியில் ஒன்றிரண்டு சரியாகச் சேரவில்லை என்றால் வேகம் இப்படித்தான் ஒரேயடியாக இறங்கிவிடும். பதினெட்டும் அதே. ஒரே கை இழுத்தது, ஒரே தப்பு எல்லாவற்றிலும் என்று முடிவு கட்டினேன்.

அந்தோணிக்கு முகம் சுருங்கிவிட்டது. “இன்னா மேடம், எல்லாமேவா? ஒண்ணுகூடவா சரியா வரல? இன்னொரு தபா பாக்கக்கூடாதா?”

“மூணு தடவை பாத்தாச்சு. மெஷின் பொய் சொல்லாது” என்றேன். என் கோபத்துக்கு அன்றைக்குக் காரணமே இல்லை, வெயில்தான். ரிப்போர்ட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பியைத் தனசேகரிடம் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று சாயங்காலம் மல்லிப்பூகூட வாங்கினேன் என்று ஞாபகம்.

மறுநாள் காலை டேனியல் சார் காபியை உறிஞ்சியபடி ரிப்போர்ட்டைப் படித்தார். ஒரு பக்கம் பின்னால் திருப்பினார். மறுபடி முன்னால் திருப்பினார்.

“போன வாரம் 941.3. நேத்தும் 941.3” என்றார்.

“ஆமாம் சார்.”

“அப்படியா?”

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“இத்தனை வருஷத்துல அடுத்தடுத்த ரெண்டு ரிப்போர்ட்ல புள்ளிக்கு அப்புறம் ஒரே நம்பர் வந்து நான் பாத்ததில்லைம்மா. வரவே வராதுன்னு சொல்லல. அப்புறம் இன்னொண்ணு. கேபிள்ல தப்பு பண்றவன் ஒண்ணு ரெண்டுல பண்ணுவான், அஞ்சாறுல பண்ணுவான். பதினெட்டுலயும் ஒரே மாதிரி தப்பு பண்ணணும்னா, அவன் ரொம்பத் திறமைசாலியா இருக்கணும்.”

அவர் டிராயரைத் திறந்து மஞ்சள் கேபிளை எடுத்தார். இரண்டு லேப்டாப்பையும் மேஜைமேல் வைத்து நானே இணைத்தேன். ஓடவிட்டேன்.

94.1.

நடுவில் அந்தோணியும் இல்லை, அவர் கேபிளும் இல்லை, திருமுடிவாக்கமே இல்லை. டேனியல் சார் டார்ச்சை எடுத்து ரப்பர் பேண்ட் லேப்டாப்பின் பக்கவாட்டில், கேபிள் மாட்டும் துளைக்குள் அடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“உள்ள ஏதோ செவப்பா இருக்கு” என்றார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மூன்று நாள் முன்னால்தான் ஆயுத பூஜை. எங்கள் ஆபீஸில் பூஜையைப் போடுகிறவள் நான். டேனியல் சார் சர்ச்சுக்குப் போகிறவர், பூஜை நடக்கும்போது வாசலில் போய் நின்றுகொள்வார், பொரி கொடுக்கும்போது சரியாக உள்ளே வருவார். கிளிப் அடிக்கும் கருவி, டிரில்லிங் மெஷின், ஏணி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். லேப்டாப் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே நாலு ஸ்விட்ச் டப்பாவோடு அடுக்கியிருந்தன. மூடியில் வைக்க வழியில்லை. பக்கவாட்டில் பார்த்தேன். அந்தத் துளை மோதிர விரல் நுனி அளவுக்கு அமைந்திருந்தது. சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகத் தொட்டு, பக்தியோடு வைத்தேன். உள்ளே போய், எட்டுக் கம்பியில் பாதியின்மேல் உட்கார்ந்து காய்ந்துவிட்டது.

டேனியல் சாரிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டார்.

“நான்தானே வாசல்லேர்ந்து சொன்னேன், லேப்டாப் விட்டுப்போச்சு பாருங்க, அதுக்கும் வைங்கன்னு” என்றார்.

உண்மை. அவர் சொல்லித்தான் வைத்தேன். ஆனால் மஞ்சள் கேபிளைப் போடாமல் 941.3 என்று எழுதச் சொன்னது அவரில்லை. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மென்மையான பிரஷ்ஷால், ஸ்பிரிட் தொட்டுத் தொட்டு, இருபது நிமிஷம் சுத்தம் செய்தோம். மறுபடி இணைத்தால் 941.8. எண்ணைப் பார்த்து முதன்முறையாக எனக்கு ஆத்திரம் வந்தது.

“சார், நீங்க தனசேகருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்களேன்” என்றேன்.

“எழுதினது நீங்க. நீங்களே நேர்ல சொல்லிடுங்க. நான் கூட வர்றேன்” என்றார்.

அவர் ஸ்கூட்டர் முன்னால், என் ஸ்கூட்டி பின்னால். தாம்பரம் மேம்பாலம் ஏறி இறங்குகிற வரைக்கும், எப்படிச் சொல்வது என்று ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ‘கருவியில் ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு’ என்று ஆரம்பிப்பதாக முடிவு செய்தேன். கேட்டருகே வாட்ச்மேன், “அந்தோணியா? நேத்தே சாவிய குட்துட்டுப் போய்ட்டாரே” என்றதும் ஒத்திகை எல்லாம் மறந்துவிட்டது.

தனசேகர் முன்னால் போய் நின்று, “சார், நான் லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சிட்டேன்” என்றேன்.

அவர் டேனியல் சாரைப் பார்த்தார். “என்ன சொல்றாங்க இவங்க?”

முழுவதும் சொன்னேன். 941.3-ஐயும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் டேனியல் சார் என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தனசேகருக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. “நீங்க சாமி கும்பிட்டதுக்கு நான் என் ஆளை வூட்டுக்கு அனுப்பிட்டேனா?” என்றார். பேசிப் பழகிய ஆபீஸ் தமிழெல்லாம் அவருக்கும் போய்விட்டது. ஆள் விட்டு அந்தோணியைக் கூப்பிடச் சொன்னார்.

அரை மணியில் அந்தோணி வந்தார். யூனிஃபார்ம் இல்லை, கட்டம் போட்ட சட்டை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. லேப்டாப்பை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். இந்தத் தடவை அவர் ஏறுவதற்கு முன்பே மஞ்சள் கேபிளைப் போட்டு, தனசேகர் கண் முன்னாலேயே முதல் எண்ணை எடுத்திருந்தேன். பதினெட்டுப் பாயிண்ட்டும் தொள்ளாயிரத்து நாற்பதுக்கு மேலே. நெயில் பாலிஷ் புள்ளி ஒன்றுகூடப் பிசகவில்லை.

“அப்ப ஏன் படம் ஸ்லோவா வருது?” என்றார் தனசேகர். நியாயமான கேள்விதான்.

கேபிள் போகிற வழியிலேயே போனோம். மேலே இருந்த ஸ்விட்சிலிருந்து ஒரு கேபிள் தனசேகரின் ரூமுக்குப் போயிற்று. அங்கிருந்துதான் வெட்டும் மெஷினுக்குப் போகிறது. நடுவில் அவர் மேஜைக்கு அடியில் ஒரு சின்ன டப்பா இருந்தது. குனிந்து பார்த்தேன். அதன்மேல் அவருடைய ஒரு செருப்பு. செருப்பை நகர்த்தினால், மூடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும், வருஷத்துக்கு ஒரு அடுக்காகப் படிந்திருந்தது.

“அது ராசியான டப்பா” என்றார் தனசேகர் அவசரமாக. “என் மொத கடையில போட்டது. அது இல்லாம எதுவும் போகக்கூடாதுன்னு நான்தான் அந்தோணிகிட்ட சொன்னேன்.”

பழைய காலத்து ஸ்விட்ச். புத்தம் புதிதாக இருந்தபோதே நூறுக்கு மேல் போகாது. அதன் வழியாக டெஸ்ட் போட்டேன். 94. சுத்தமான 94.

டேனியல் சார் குனிந்து அந்த டப்பாவை இரண்டு கையாலும் எடுத்தார். தூசியை ஊதினார். “ரொம்ப உழைச்சிருக்கு சார் இது. இனிமே கீழ வைக்கக்கூடாது. மேல சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிடுங்க” என்றார். தனசேகர் மனம் நெகிழ்ந்துபோய் உடனே சரி என்றார். வாசலில் நிற்கிற கிறிஸ்தவர் ஒரு ஸ்விட்சுக்கு மோட்சம் வாங்கிக் கொடுத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டப்பாவை எடுத்துவிட்டு நேராக இணைத்ததும், மெஷின் ஓட்டுகிறவர் டீக்குக் கிளம்பியவர் பாதி வழியில் திரும்பி வந்தார், படம் வந்துவிட்டதாம்.

அங்கேயே உட்கார்ந்து புது ரிப்போர்ட் எழுதினேன். பழையது செல்லாது என்று முதலிலேயே எழுதினேன். கேபிள்கள் அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன, வேலை தரமானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தனசேகர் படித்துவிட்டு, “சரி, நாளையிலேர்ந்து வந்துடு” என்று அந்தோணியிடம் சாவியை நீட்டினார்.

அந்தோணி சாவியை உடனே வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்து, புது ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார். நேற்று நான் எழுதிய ரிப்போர்ட். தனசேகர் அதை அவர் கையில் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார். இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

“தப்புன்னு எழுதசொல்லோ, கேபிள் போட்டவர் அந்தோணின்னு எழுதிகீறீங்க மேடம். சரின்னு எழுதசொல்லோ என் பேரே காணோமே.”

குரலில் கோபமே இல்லை. நல்லா பாத்து சொல்லுங்க என்று முதல் நாள் கேட்ட அதே குரல்தான். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தேன். டேனியல் சார் அப்படியா என்று கேட்கக்கூட இல்லை. அதற்கு அங்கே தேவையும் இல்லை.

பேனாவை மறுபடி திறந்தேன். “உங்க முழுப் பேர் என்ன?” என்றேன்.

அவருடைய வேலையைப் பற்றி இரண்டு ரிப்போர்ட் எழுதிய பிறகு, அதை அப்போதுதான் கேட்டேன்.